முதல் முத்திரை

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் ஐரிஸ் பழைய இரும்பு உலைப் பூங்காவுக்கு ஓடினாள் என்றால், அதற்குக் காரணம் ஓட்டிஸ்தான். பெட்டி தேடும் விளையாட்டு ஒன்று உண்டு. யாராவது ஒரு பெட்டிக்குள் ரப்பர் முத்திரையும் நோட்டும் போட்டு எங்காவது ஒளித்துவிட்டு, இணையத்தில் துப்பு கொடுப்பார்கள். கண்டுபிடிப்பவர் தன் கையால் செதுக்கிய முத்திரையை அந்த நோட்டில் குத்த வேண்டும். பெட்டியிலிருக்கும் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் முதலில் குத்துவது யார் என்பதில் இந்த ஊரில் நடக்கும் அடிதடி இருக்கிறதே, அப்பப்பா! எந்தப் புதுப் பெட்டியைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் ஓட்டிஸின் பஸ் முத்திரை ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

ஓட்டிஸ் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். "என்னம்மா, இந்தத் தடவையும் ரெண்டாவதா? உன் குருவிக்கு இறக்கை முளைக்கலையா?" என்று உணவுவிடுதியில் எல்லார் முன்னாலும் கேட்பார், வாய் நிறைய முட்டையோடு.

"ஒருநாள் உங்க பஸ்ஸைப் பஞ்சர் ஆக்கிக் காட்டுறேன் பாருங்க" என்பாள் ஐரிஸ்.

அவளுடைய முத்திரை சிட்டுக்குருவி. ஒஹையோவிலிருந்து கட்டிய துணியோடு தப்பி ஓடிவந்தபோது அவள் எடுத்துவந்த பழைய பொருள் அது ஒன்றுதான். வெர்னா என்ற பேரை ஐரிஸ் ஆக்கினாள், முடியை ஒட்ட வெட்டினாள். 'எங்க போனாலும் தேடிவந்து கொல்லுவேன்' என்று சொன்ன புருஷன் டெல்மருக்குப் பயந்துதான் இத்தனையும். குருவியை மட்டும் விட மனம் வரவில்லை.

உலை என்பது ஒரு வீட்டு உயரக் கல்கோபுரம். அடியில் குகை மாதிரி ஒரே ஒரு வாய். ஒருகாலத்தில் இரும்பு உருகி வழிந்த இடம். சுற்றிலும் அந்தக் காலத்துக் கசடு நீலக் கண்ணாடிச் சில்லுகளாகக் கிடக்கும், கையில் எடுத்தால் கிழித்துவிடும். ஐரிஸ் உள்ளே நுழைந்து, துப்பில் சொன்னபடி தளர்ந்திருந்த செங்கல்லை உருவினாள். தோட்டாக்கள் வைக்கும் பழைய இரும்புப் பெட்டி. திறந்து நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கம் வெறுமை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாட்டுனீங்க ஓட்டிஸ்!" என்று வாய்விட்டே சொன்னாள்.

பெட்டியிலிருந்த முத்திரை என்ன உருவமென்று வெட்டைப் பார்த்துப் புரியவில்லை. மையில் தோய்த்துத் தன் நோட்டில் குத்தி எடுத்தாள். ஒரு கை. பெண்ணின் இடது கை. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணி நின்றது.

டெல்மர் கார் கதவில் வைத்து நசுக்கிய அவளுடைய சுண்டுவிரல்தான் அது.

வெளிச்சம் மறைந்தது. வாசலை அடைத்துக்கொண்டு அவன் நின்றான்.

"பேரை மாத்துன, ஊரை மாத்துன, முடியை வெட்டுன. குருவியை மாத்தத் தோணலையேடி உனக்கு? பூங்கா பூங்காவா, ஒவ்வொரு பெட்டி நோட்டுலயும் உன் குருவியைப் பாத்துக்கிட்டே வந்தேன்."

அவள் கத்துவதற்குள் முதல் அடி விழுந்தது. பல்லொன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. முதல் பக்கத்தில் குத்த அவள் எடுத்து வைத்திருந்த குருவி முத்திரை தெறித்து விழ, அவன் பூட்ஸ் காலால் அதை மிதித்து நசுக்கினான். பிறகு கழுத்தைப் பிடித்தான், இரண்டு கையாலும். தலையைச் சுவரில் மோதினான், மறுபடியும் மோதினான். இவ்வளவு தூரம் ஓடிவந்தும் கடைசியில் இவன் கையால்தான் சாவா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

கீழே துழாவிய கையில் ஒரு கசடுச் சில்லு சிக்கியது. தன் உள்ளங்கை கிழிவதையும் பார்க்காமல் இறுக்கிப் பிடித்து அவன் முகத்தில் இழுத்தாள். கண்ணோரத்திலிருந்து தாடைவரை பிளந்தது. அவன் அலறிக் கையை எடுத்த நொடியில் இரும்புப் பெட்டியைத் தூக்கி மண்டையில் போட்டாள். விழுந்தான். நிறுத்தவில்லை. தோளில், விலாவில், தடுக்க நீட்டிய கையில் என்று போட்டுக்கொண்டே இருந்தாள்.

"என் விரலையாடா செதுக்குன? என் விரலையாடா?"

"ஏம்மா! ஐரிஸ்! விடும்மா, போதும்!"

பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்து இழுத்தவர் ஓட்டிஸ். முதல் முத்திரை குத்த அவரும்தான் ஓடிவந்திருந்தார்.

"போதாது. இவன் என்னைக் கொல்ல வந்தவன்."

"தெரியுதும்மா, உன் கழுத்தே சொல்லுது. அவன் இனி எந்திரிக்க மாட்டான். பெட்டியை என்கிட்ட குடு."

"மூச்சு இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். "இருக்கு."

"சே!" என்றாள் ஐரிஸ். அதைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை.

ஓட்டிஸ் போலீஸுக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டே அவளைப் பார்த்தார். "பேர் கேக்குறாங்கம்மா."

"வெர்னா."

கிழவர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் அந்தப் பேரையே போனில் சொன்னார். தன் சட்டையைக் கழற்றி டெல்மரின் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சைரன் தூரத்தில் கேட்டது. அவள் தவழ்ந்துபோய், பெட்டியிலிருந்து விழுந்து கிடந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"அதைத் தொடாதேம்மா, போலீஸுக்கு வேணும்" என்றார் ஓட்டிஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "சரி, குத்து. உன் குருவிதான் போச்சே. முத்திரை இல்லாதவங்க கட்டைவிரலை வைக்கலாம், அது நம்ம வழக்கம்தான்."

உள்ளங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. கட்டைவிரலை அவள் மடக்கிக்கொண்டாள். கோணல் சுண்டுவிரலை அந்த ரத்தத்தில் தோய்த்து வெற்றுப் பக்கத்தில் அழுத்தினாள், வலிக்க வலிக்க. கீழே வெர்னா என்று எழுதி நோட்டை ஓட்டிஸிடம் நீட்டினாள்.

"இப்ப உங்க பஸ்ஸைக் குத்துங்க" என்றாள். "ரெண்டாவதா."