பளபளா பேப்பர்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கை அழுக்கோடு எவன் கண்ணிலும் காட்டக் கூடாது. ஏலக்காயைத் தேய்த்து வால் நீக்கி, வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ளி, பச்சையாய் மினுங்குவதை மட்டும் கிண்ணத்தில் வைத்தால்தான் வியாபாரி கையை நீட்டுவான். அப்பா செத்தபோது அவர் மூக்கில் வைக்கும் பஞ்சைக்கூட நல்ல வெள்ளையாகப் பார்த்துப் பேரம் பேசி வாங்கியவன் நான். அந்தப் புத்தியோடுதான் சந்திரவல்லியின் காரியத்தில் தலையிட்டேன்.

சந்திரவல்லி எங்கள் ஏலக்காய்க் கடையில் பதினோரு வருடமாகக் காய் பொறுக்குகிறவள். புருஷன் பேச்சிமுத்து போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிடி கடை வைத்திருந்தான். ஊரே செல்போனுக்கு மாறிய பிறகும் அதை மூடாமல் உட்கார்ந்திருந்து, மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு மிஞ்சியது ஒரு மகளும் நூற்று எண்பது சிடிகளும். சினிமாப் பாட்டு இல்லை. தேவாரம், குரங்கணி ஆகிய ஊர்களின் பக்கத்துத் திருவிழாக்களில் நாடகக்காரர்களும் நையாண்டி மேளக்காரர்களும் போட்ட ஆட்டத்தை அவனே பதிந்து, அவனே அட்டை அடித்து விற்றது.

இந்த மாதிரிப் பதிவுகளைத் தேடிச் சேர்க்கிற சூர்யபிரகாஷ் என்பவர் மதுரையிலிருந்து போன் செய்தார். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். அவர் சொன்ன தொகை, மகள் முத்துப்பிரியாவின் நர்சிங் படிப்புக்கு முதல் வருடம் கட்ட வேண்டிய பணத்துக்குச் சரியாக இருந்தது. கட்டுவதற்குத் திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் இடம் வேறு பிள்ளைக்கு. இவளுக்கு மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிற கூலி வேலை.

புதன்கிழமை சந்திரவல்லி டப்பாக்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். அட்டையெல்லாம் பூஞ்சை. பாதியில் எலி விருந்து சாப்பிட்டிருந்தது.

"இதையா காட்டப் போற? அந்தாளு மூக்கப் பொத்திக்கிட்டு மதுர பஸ்ஸப் புடிச்சிருவான்."

"சிடி நல்லாப் பாடுதுண்ணே."

"பாடும் தாயி. மொதல்ல அவன் தொறக்கணும்ல? எல்லாத்துக்கும் புது அட்டை அடிச்சிரு."

சின்ராசுவின் ஸ்டேஷனரி கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். சின்ராசு எனக்குப் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. மூன்று வகைத் தாளை எடுத்துப் போட்டான். முதலாவது சாதா ஜெராக்ஸ் பேப்பர். மை ஊறிப் பரவியது, டப்பாவுக்குள் நிற்காமல் தொய்ந்தது. இரண்டாவது மேட் பேப்பர். கொஞ்சம் கனம், மங்கலான முகம், எழுத்து துல்லியமாக விழுந்தது. மூன்றாவது பளபளா போட்டோ பேப்பர். மேட் பேப்பரைப் போல இரண்டு பங்கு விலை.

சந்திரவல்லி மேட் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் ஒருதரம் தடவினாள்.

"இதே போதும்ணே. பழசு மாதிரியே இருக்கு."

"பழசு மாதிரி இருக்குறதுக்கு எதுக்குப் புதுசா அடிக்கணும்?" என்றேன். "சின்ராசு, அந்தப் பளபளாவ எடு."

"ஜெகதீஷ் மாப்ளே, அந்தப் பிள்ள சொல்றதுதான் சரி. வெலையும் கம்மி."

"நீ கடைக்காரனா, அவளுக்கு வக்கீலா?"

மூலை ஈரம்பட்ட பளபளா பாக்கெட்டுகள் நாலு மேல் தட்டில் கிடந்ததை வந்ததுமே கண் வைத்திருந்தேன். அவற்றை இறக்கச் சொல்லி, மூலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, முக்கால் மணி நேரம் பேசி, பளபளாவை மேட் விலைக்கே வாங்கிவிட்டேன். சின்ராசு தலையில் அடித்துக்கொண்டான். சந்திரவல்லி கையிலிருந்த மேட் பேப்பரைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். நான் ஜெயித்த சந்தோஷத்தில் அவளுக்கும் ஒரு டீ சொன்னேன்.

பிரிண்ட் போடும் பிரபு ஒவ்வொரு பழைய அட்டையாக ஸ்கேன் செய்தான். கறையை அழித்தான், நிறத்தைக் கூட்டினான். எலி தின்ற இடத்தில் என்ன போட என்று கேட்டான். பக்கத்தில் நின்று நானே சொன்னேன். ஊர் பெயர் இல்லையா, தேவாரம் போடு. தேதி இல்லையா, சித்திரை போடு, திருவிழா எல்லாம் சித்திரையில்தானே. வேலை முடிந்ததும் பழைய ஸ்கேனை அழித்துவிடச் சொன்னேன், வந்தவன் கண்ணில் அசிங்கம் படக் கூடாதென்று. பழைய அட்டைகளைச் சந்திரவல்லி பையில் போட்டுக்கொண்டாள்.

"அதைய எதுக்குத் தூக்கிச் சொமக்குற? அடுப்புல போடு," என்றேன். வீட்டுக்குப் போனதும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சூர்யபிரகாஷ் அவள் வீட்டுக்கு வந்தார். நூற்று எண்பதும் நகைக்கடை மாதிரி ஜொலித்தன. ஒன்றைத் திறந்தார். இன்னொன்று. பத்தாவதில் நிமிர்ந்தார்.

"பழைய அட்டை எங்கம்மா?"

சந்திரவல்லி என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் நைஞ்சு போச்சு சார், அதான் புதுசா..." என்றேன்.

"நைஞ்சதுதான் எனக்கு வேணும். ஆடுனவங்க பேரு, ஊரு, தேதி எல்லாம் அதுலதான இருந்துச்சு." கொண்டுவந்த சின்னப் பாட்டுப் பெட்டியில் ஒரு சிடியைப் போட்டார். அதில் ஒரு நாடகக்காரர் பேசத் தொடங்கினார். "அட்டையில சித்திரைன்னு இருக்கு. இவரு மார்கழிக் குளிர்ல வந்து உக்காந்திருக்கவங்களுக்கு நன்றி சொல்றாரு."

"ஒண்ணு ரெண்டு தப்பிருக்கும் சார்."

"எந்த ஒண்ணு, எந்த ரெண்டு? எது பேச்சிமுத்து போட்டது, எது நீங்க போட்டது?"

எனக்குத் தெரியவில்லை. பிரபுவுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் செய்தேன். விலையைக் குறைத்தேன். முக்கால் என்றேன், பாதி என்றேன். குறைக்கக் குறைக்க அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கால் என்றபோது பெட்டியை மூடிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்று சந்திரவல்லியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே முத்துப்பிரியா கல்லூரிக்கென்று துவைத்து மடித்த வெள்ளைச் சுடிதாரைப் பையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கட்டுறேன் தாயி," என்றேன். "மெதுவா உன் கூலியில கழிச்சுக்கலாம்."

சொன்ன பிறகுதான் என் காதுக்கே கேட்டது. வார்த்தை தானாக வந்துவிட்டது.

"வேணாம்ணே," என்றாள். குரலில் கோபமே இல்லை. "பதினோரு வருசமாக் கழிச்சுக்கிட்டுதான இருக்கீக."

திங்கட்கிழமை நான் கையில் ரொக்கத்தோடு, கழிவு கணக்கு எதுவும் சொல்லாமல், அவள் வீட்டு வாசலில் ரெண்டு தடவை போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போடிமெட்டுக்குக் காய் எடுக்கும் கூலி ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு நின்றுகொண்டிருந்தது. பின்னால் பதினான்கு பெண்கள், தலையில் துண்டு கட்டி, மடியில் தூக்குச்சட்டியோடு. அவர்களுக்கு நடுவில் முத்துப்பிரியா, முழங்காலை மடக்கி, பாதையைப் பார்த்துக்கொண்டு. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை.

"இன்னொராளு ஏறலாம், வெரசா வா!" என்று டிரைவர் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துக் கூவிக்கொண்டிருந்தான்.