ஆனந்தமேரிக்குக் காட்டிய துணிகள்

1

இந்தக் கதை கிடைத்தது ரவிக்கைத் துணி வாங்கப் போன இடத்தில். உப்பளம் கடைத்தெருவில் ஒரு மேட்சிங் கடை. வாசலில் சிமெண்டு ஈரமாக இருந்ததால் உள்ளே போக முடியவில்லை. வெறுங்கையோடு திரும்பி எழுத உட்கார்ந்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

2

முதல் தொடக்கம்: "ஹாஜா நல்ல மனிதர்." (அடித்துவிட்டேன். இப்படிச் சொன்னாலே வாசகருக்குச் சந்தேகம் வந்துவிடும்.)

இரண்டாவது: "உரிமம் புதுப்பிக்க வேண்டுமானால் வாசலில் சரிவுப் பாதை கட்டியாக வேண்டும் என்று அதிகாரி சொன்னபோது, கடைக்காரர் ஹாஜாவுக்குச் சுருக்கென்றது." இது இருக்கட்டும்.

படியேற முடியாதவர்களை அவர் என்ன விரட்டியா விட்டார்? ஆனந்தமேரி சக்கர நாற்காலியில் வந்து வாசலில் குரல் கொடுத்தால், மற்றவர்களை நிற்க வைத்துவிட்டுத் துணியோடு ரோட்டுக்கே ஓடுவார். டீகூட வாங்கித் தருவார். எனக்கா பாடம் எடுக்கிறார்கள் என்று மனைவி கனீஸிடம் பொருமித் தீர்த்தார்.

3

கொத்தனார் கொளஞ்சி முதலில் கட்டியது, இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பைக் ஏற்றக் கட்டுவோமே, அந்தச் செங்குத்துச் சரிவு. அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். உடைத்து, நீட்டிக் கட்டினார்கள். கவுன்டரையும் அறுத்துத் தாழ்த்தினார்கள். அதற்குள் ஹாஜாவுக்கே ஆசை வந்துவிட்டது. முதலில் ஏறுவது ஆனந்தமேரியாக இருக்க வேண்டும். போன் போட்டு அழைத்தார்.

4

ஏறினார்.

"அவர் கண்கள் நன்றியில் கலங்க..." (வேண்டாம். கலங்கவில்லை.)

ஆனந்தமேரி நடுக்கடையில் நாற்காலியை நிறுத்தினார். சுவர் முழுக்க மயில்கழுத்து, ராணி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, தான் போட்டிருந்த காபிப்பொடி நிற ரவிக்கையைப் பார்த்தார்.

"பாய், இதெல்லாம் புதுசா வந்ததா?"

"இல்லம்மா. கடை தொறந்ததுலேருந்து இருக்கு."

"எனக்கு ஏன் காட்டல?"

ஹாஜா தாழ்த்திய கவுன்டரைத் துணியால் துடைத்தார்.

"உங்ககிட்ட இவ்ளோதான் இருக்குன்னு நெனச்சேன் பாய். தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட பாக்குக் கலர்தான் போட்டுக்கினு போனேன்."

சாம்பல், பாக்கு, காபிப்பொடி. ஒவ்வொரு தடவையும் ஹாஜாதான் எடுத்துக்கொண்டு ஓடினார். இவருக்கு இது போதும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்காமலேயே கை அந்த அலமாரித் தட்டுக்குப் போயிருக்கிறது.*

* இந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி ஹாஜா என்னிடம் கெஞ்சுகிறார். எடுக்க மாட்டேன்.

5

முடிவு ஒன்று: ஆனந்தமேரி ராணி நிறத் துணி கேட்கிறார். ஹாஜா காசு வேண்டாம் என்கிறார். (பாருங்கள், மறுபடியும் அவரே முடிவு செய்கிறார்.)

முடிவு இரண்டு: ஆனந்தமேரி ஒன்றும் வாங்காமல் சரிவில் இறங்குகிறார். பழக்கதோஷத்தில் ஹாஜா ஒரு துணியை உருவிக்கொண்டு பின்னாலேயே ஓடி...

முடியவில்லை. இருவரும் இன்னும் கடைக்குள்தான் இருக்கிறார்கள். ஹாஜாவின் கை தட்டை நோக்கி நீண்டுவிட்டது.

"நீங்க எடுக்காதீங்க பாய். நானே எடுத்துக்கறேன்."

ஆனந்தமேரி பார்த்துக்கொண்டிருப்பது மயில்கழுத்தை. அது மேல்தட்டில் இருக்கிறது. கவுன்டரைத் தாழ்த்தியவர்களுக்குத் தட்டைத் தாழ்த்தத் தோன்றவில்லை. எழுதும்போது எனக்கும் தோன்றவில்லை.

இனி நான் எந்த முடிவை எழுதினாலும், அது நான் எடுத்துக்கொண்டு ஓடிய துணியாகத்தான் இருக்கும். வாசகரே, அந்த மேல்தட்டு உங்கள் கைக்கு எட்டும் என்று தெரியும். எடுத்துவிடாதீர்கள். முதலில் ஆனந்தமேரியைக் கேளுங்கள்.