சொல்லித்தான் ஆகணும்

பள்ளி மனநல ஆலோசகர் படிப்பின் கடைசி ஆண்டு மாணவி ஜூலி. மண்ணூர் பள்ளியில் பயிற்சிக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், எட்டாம் வகுப்பு சுபஸ்ரீ அவளிடம் வந்தாள்.

"யாருக்கும் சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?"

ஜூலி யோசிக்காமல் தலையாட்டினாள்.

"அம்மா ஷிப்டுக்குப் போனதும் பக்கத்து ரூம் ஆளு வூட்டுக்குள்ள வரான் மிஸ். இன்னிக்கும் வருவான்."

ஜூலி தன் கல்லூரிப் பேராசிரியரைக் கைபேசியில் அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. பள்ளி விட அரை மணி நேரமே இருந்தது.

"நான் தலையாட்டினது தப்பு, சுபா. இதைச் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்ல மாட்டேன்னீங்களே," என்று சுபஸ்ரீ அழுதாள்.

அவள் கையைப் பிடித்தபடியே ஜூலி குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தாள்.

தகவல் தெரிந்து கம்பெனிச் சீருடையோடு பள்ளிக்கு ஓடிவந்த அம்மா மகளைக் கட்டிக்கொண்டாள். சுபஸ்ரீ ஜூலியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் அன்று அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை.