நாற்சந்தியில் ஒரு சிரிப்பு

என் அக்கா அரசுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. நான் அவளுக்கு அடுத்தவள். கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தங்கையிடம் வேலை வாங்கினால் கூலி தர வேண்டியதில்லை என்பது அக்காவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால்தான் இந்தக் கூத்து முழுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

கொரோனா அடங்கிப் பள்ளியைத் திறந்தபோது வகுப்பறைகளில் பிள்ளைகளைவிடப் புறாக்கள்தான் அதிகம் இருந்தன. சில பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். சிலர் அப்பா அம்மாவோடு வேலைக்குப் போனார்கள். சிலர் இன்னும் தூங்கியே எழுந்திருக்கவில்லை. மாதக் கடைசிக்குள் போதுமான பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. லாரிகள் பறக்கும் அந்தச் சாலையை ஆறு வயதுப் பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்று மேலிடம் சொல்லவில்லை. மேலிடத்துக்குக் கார் இருக்கிறது.

அக்கா நாற்சந்தியில் பேனர் வைக்க முடிவு செய்தாள். 'நம் பிள்ளைகள், நம் பள்ளி, திரும்பி வாருங்கள்' என்று எழுத்து. நடுவில் சிரித்த முகமாக ஒரு மாணவி.

"எந்த மாணவி?" என்று கேட்டேன்.

"இருக்கிற பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு முன் பல்லு இல்ல. ஒண்ணு கேமராவப் பாத்தாலே அழுவுது. நம்ம சிட்டுவையே எடுத்திரலாம்."

சிட்டு அக்காவின் மகள். நான்காம் வகுப்பு. படிப்பது தனியார் பள்ளியில், மஞ்சள் வேனில் போய் வருகிறாள். ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசுவாள். இரண்டு வருடம் அறைக்குள் செல்போனில் பாடம் படித்தபிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளையாகிவிட்டாள். "எவ்ளோ அடக்கமா ஆயிட்டா பாத்தியா" என்று அக்கா அதிலும் பெருமைப்பட்டாள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை, பயமாக இருந்தது.

"அவ உன் ஸ்கூல்ல படிக்கலையே, அக்கா."

"மாஸ்க் போட்டு எடுத்தா யாருக்குடி தெரியும்?"

அரசுப் பள்ளிச் சீருடையை இரவல் வாங்கி மாட்டி, மாஸ்க் போட்டு, படம் எடுத்தோம். பேனர் ஏறியது. பிறகு வீடு வீடாகப் படையெடுத்தோம். அக்கா பேச, நான் படமெடுக்க; போன வீட்டிலெல்லாம் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் வீட்டிலேயே ஒரு அம்மா கேட்டாள், "ஊரெல்லாம் மாஸ்கைக் கழட்டியாச்சு. உங்க ஸ்கூல்ல மட்டும் இன்னும் கொரோனா இருக்கா டீச்சர்?"

அன்று மாலையே பேனர் இறங்கியது, சிட்டு மறுபடி என் ஸ்டூடியோவில் வந்து நின்றாள். இந்த முறை மாஸ்க் இல்லை. ஆனால் சிரிப்பும் இல்லை.

"ஸ்கூல் போறேன்னு நினைச்சுக்கோ, சிட்டு" என்றேன். முகம் இன்னும் சுருங்கியது.

"சரி, இன்னைக்கு லீவுன்னு நினைச்சுக்கோ."

பளிச்சென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் நாற்சந்தியில் ஆளுயரத்துக்கு நின்று, பள்ளிக்கு வாருங்கள் என்று ஊரை அழைத்தது.

சொல்லக் கூடாது, பேனர் நன்றாகவே வேலை செய்தது. "அந்தப் பொண்ணு மாதிரி எங்க பொண்ணும் ஆகணும்" என்று சொல்லிச் சேர்த்தார்கள். அக்கா ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சைப் பேசினாள்: "தனியார்ல என்னங்க இருக்கு? டையும் ஷூவும்தான். எங்க கிட்ட இருக்கிற மாதிரி பயிற்சி பெற்ற ஆசிரியருங்க அங்க உண்டா?" எனக்கே மனப்பாடமாகிவிட்டது. கூட வந்த மூன்று ஆசிரியைகளும் சரியான இடத்தில் தலையாட்டினார்கள். கடைசியில் இன்னும் இரண்டே பிள்ளைகள் சேர்ந்தால் போதும், பள்ளி பிழைத்துவிடும் என்ற நிலை வந்தது.

அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணனும் தங்கையும் வாசலில் ஒரு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேன். நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். அக்காவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. காலையில் வேன் வருவதற்கு முன்பே அவள் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். வேன் விவகாரமெல்லாம் மாமா பொறுப்பு.

வேன்காரர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அக்கா தொடங்கினாள். டை வந்தது, ஷூ வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். அவர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லா பேசுறீங்க டீச்சர். வண்டி ஓடாத ரெண்டு வருஷத்துல பிள்ளைங்கள எங்கயும் சேர்க்க முடியல. இப்ப நான் வேன் ஓட்டுற ஸ்கூல்ல பாதி ஃபீஸ் கட்டினாப் போதும்ங்கிறாங்க. அதான் யோசிக்கிறேன்" என்றார். "ஒண்ணு கேட்கலாமா? பேனர்ல இருக்கிற பாப்பா எந்த ஸ்கூலு?"

"எங்க ஸ்கூல்தான்" என்றாள் அக்கா, கண் இமைக்காமல்.

"அப்படியா! அப்போ தினமும் 'தலைமையாசிரியை'ன்னு போர்டு மாட்டின வீட்டுல இருந்து ஏறி, என் பின்னாடி சீட்டுல உக்கார்ந்து வர்ற பாப்பா யாரு? சிக்னல்ல வண்டி நின்னா, பேனரைப் பாக்காம குனிஞ்சுக்குது. மத்த பிள்ளைங்க கிண்டல் பண்றாங்க."

மூன்று ஆசிரியைகளும் ஒரே நேரத்தில் கூரையில் எதையோ தேடினார்கள்.

"ஏன் மேல பாக்குறீங்க, உங்க பிள்ளைங்களும் என் வண்டியிலதான?" என்றார் அவர். பிறகு அக்காவிடம் திரும்பினார். "பாப்பாவை இறக்கி உங்க ஸ்கூல்ல விடுங்க. அன்னைக்கே என் ரெண்டையும் கொண்டாந்து விடுறேன். எனக்கு ஒரு சீட்டு நஷ்டம், பரவாயில்ல."

அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாள். அடுத்த இரண்டு நாள் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடம், சந்தை, பேருந்து நிலையம் என்று எங்கேயாவது, யாராவது பெற்ற இரண்டு பிள்ளைகள் கிடைக்குமா என்று அலைந்தாள். தன் பிள்ளை ஒன்றைத் தவிர ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் தேடினாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின மாலை, வீட்டில் பேச்சை எடுத்தாள். மாமா சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றார்.

"பைத்தியமா உனக்கு? என் மகள அங்க போய்... நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர் வீட்டுக் கதவைத்தான் மாசம் பூரா தட்டிக்கிட்டிருக்கேன்."

"உன் ஸ்கூல் எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். தெரியும் என்பதுதான் பதில். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் ஊரார் காதில் பூ சுற்றியிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கேட்டேவிட்டேன்: "உன் பிள்ளைக்கு ஆகாத ஸ்கூல், ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் எப்படி அக்கா ஆகும்?"

அவள் அழுதாள். நான் சமாதானப்படுத்தப் போகவில்லை.

மறுநாள் காலை மஞ்சள் வேன் அரசுப் பள்ளி வாசலில் நின்றது. முதலில் வேன்காரரின் இரண்டு பிள்ளைகள் குதித்தார்கள். பின்னால் சிட்டு, அதே இரவல் சீருடையில். பள்ளி பிழைத்தது. மாமா காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த தனியார் பள்ளி ஸ்டிக்கரை மட்டும் கிழிக்கவில்லை.

அதன்பிறகு பள்ளியில் அதிசயங்கள் நடந்தன. வருடக்கணக்கில் உடைந்து கிடந்த குழாய் ஒரே வாரத்தில் சரியானது. கழிவறைக்குக் கதவு வந்தது. நான்காம் வகுப்பு ஆசிரியை நேரத்துக்கு வந்தாள். தலைமையாசிரியையின் மகள் போகிற கழிவறை இல்லையா! 'பட்ஜெட் இல்ல' என்று அக்கா சொல்லி வந்ததெல்லாம் எங்கே போனதோ. மற்ற மூன்று ஆசிரியைகளின் பிள்ளைகள் இன்னும் மஞ்சள் வேனில்தான் போகிறார்கள். வேன்காரர் எதிரே வந்தால் அவர்கள் மூவருக்கும் அவசர போன் வந்துவிடுகிறது.

அக்கா அக்காதான். மூக்குடைபட்டதையும் விளம்பரமாக்கிவிட்டாள். 'தலைமையாசிரியையின் மகளே படிக்கும் பள்ளி!' என்று புது பேனர் போட வேண்டுமாம். கேமராவோடு போனேன். சிட்டு மைதானத்தில், வேன்காரர் மகளோடும் இன்னும் ஒரு பட்டாளத்தோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். யார் அவுட் என்பதில் தகராறு. தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

அக்கா அவளைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். தலையெல்லாம் மண். ஒரு பக்கத்து ரிப்பனைக் காணோம். ஆட்டத்தை நிறுத்திவிட்டோம் என்று முறைத்தாள். எனக்குப் பழைய வித்தை ஞாபகம் வந்தது.

"சிரி சிட்டு. இன்னைக்கு லீவுன்னு நினைச்சுக்கோ" என்றேன்.

அவள் முகம் அப்படியே வாடிவிட்டது.

"ஐயோ, ஏன் சித்தி லீவு?" என்று கேட்டாள்.