ஏறாத ஆள் கணக்கு

"எங்காத்தா பேரை ஆள் கணக்குல ஏத்தணும் மொதலாளி" என்று சந்திரவல்லி கேட்ட அன்று, போடி ஏலக்காய்க் கடையின் கம்ப்யூட்டர் அறைக்குள் பனி இறங்கியது. இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். சித்திரை மாதம், தெருவில் தார் உருகியது. குரங்கணி மேட்டில் விடிகாலையில் இறங்கும் அதே பனி, அறையை விட்டு ஓரடி வெளியே வரவில்லை. முதலாளி ராஜாராம் கம்பளி வாங்கிவரச் சொன்னார். வேலை நடந்தது.

அவளுடைய ஆத்தா அன்னக்கொடி, முந்தின வருஷம், எண்பத்தாறில், மலையில் ராஜாராமின் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போன ஜீப்பு உருண்டதில் செத்தவள். எங்கள் எஸ்டேட்டு ஆளே இல்லை, யாரென்றே தெரியாது, ஓசியில் தொற்றிக்கொண்டவள் என்று ராஜாராம் போலீசில் சொன்னார். வாயை அடைக்க மகளுக்குக் கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்குப் போடும் வேலை கொடுத்தார். ராசிங்காபுரத்தில் அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பி.எஸ்சி. கணக்கு. வேறு எவன் வேலை கொடுத்தான்?

அந்த வாரமே சம்பளப் புரோகிராமும் நின்றது. மற்ற பகுதிகள் கம்ப்யூட்டரில் ஏறின. ஆள் விவரப் பகுதியைக் கூப்பிட்டால் மட்டும், ஏற்ற முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. பிளாப்பியை மாற்றினாள், நகல் எடுத்துப் போட்டாள். ஃபைல் இருந்தது, இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது, ஏறத்தான் இல்லை. கம்பளிக்குள் விரல் விறைக்க, ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்தபோது கோளாறு பிடிபட்டது. மலையில் பெண்ணாட்களுக்குப் பெயர் எழுதும் வழக்கமில்லை. கங்காணி பெயரைப் போட்டு இத்தனை தலை என்று எழுதினால் முடிந்தது. அதுவரை கேட்காத புரோகிராம் இப்போது தலைக்கொரு பெயர் கேட்டது. ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போய் ஜக்கம்மாள், ராமுத்தாய், மொக்கம்மாள் என்று கேட்டுக்கொண்டு வந்து அடித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பனி கொஞ்சம் விலகியது. கடைசியில் ஒரு தலைக்குப் பெயரில்லை.

முதலாளி முன்னால் கூப்பிட்டுக் கேட்டபோது கங்காணி கன்னையன் கழுத்தைச் சொறிந்தான். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவன். செத்தவளைக் கணக்கிலிருந்து எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"எடுபட்ட பயலே, பொணத்துக்குமாடா கமிஷனு" என்ற ராஜாராம், சந்திரவல்லி பக்கம் திரும்பினார். "அந்த ஒண்ண மட்டும் தாண்டிப் போகச் சொல்லி எழுதிருத்தா. வெரசா."

"எழுதலாம். ஒரு நிமிஷச் சோலி."

"பெறகென்ன?"

"எழுத மாட்டேன்."

அன்னக்கொடி என்று அடித்தாள். பகுதி ஏறியது. பனி விலகிய இடத்தில், தலையில் சாக்கும் இடுப்பில் கூடையுமாக அன்னக்கொடி நின்றாள். நெற்றிக் காயத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"இன்னைக்கும் லேட்டா அன்னக்கொடி? ஒனக்கு இதே பொழப்பாப் போச்சு" என்று பழக்கத்தில் அதட்டிவிட்டார் ராஜாராம். பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"கேட்டுக்கிட்டீகளா கன்னையண்ணே? மதுரைக் கோர்ட்டுல வந்து இதச் சொல்லுங்க." சந்திரவல்லி கம்பளியை மேசையில் எறிந்தாள், ஆத்தாளின் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. விடவில்லை.

வாசலில் வாட்ச்மேன் அமாவாசை ஒதுங்கி நின்றான்.

"படி ஈரமாக் கெடக்கு. ரெண்டு பேரும் பாத்துப் போங்கத்தா."