மோவாயில் மூன்று கோடுகள்

உச்சிப்பொழுதில் டெல்லா கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு, கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள். அலாஸ்காவின் வடகோடியில் குளிர்காலத்துக்குச் சூரியன் மறைந்து வாரக்கணக்காகிவிட்டது. தெற்கே, உறைந்து கிடந்த ஏரிக்கு அப்பால், அடிவானத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு பட்டை மட்டும். அதுவும் சற்று நேரத்தில் அணைந்துவிடும். அம்மாவுக்கு அதுதான் வேண்டுமாம்.

சிறுநீரகக் கோளாறுக்காக இலையுதிர்காலத்தில் விமானம் ஏறித் தெற்கே ஆங்கரேஜ் நகர மருத்துவமனைக்குப் போன அம்மா மேபலை மருத்துவர்கள் இன்னும் சொந்த ஊரான உட்கியாக்விக்குக்குத் திருப்பி அனுப்பவில்லை. "இங்க பகல்ல வெயிலே அடிக்குது. ஆனா இது நம்ம வானம் இல்லடி. வீட்டுக்குள்ள நின்னு எடுத்து அனுப்பாத. வெளிய போய் நில்லு. நீயும் வேணும், வானமும் வேணும்" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள்.

டெல்லாவுக்கும் காட்டவேண்டிய ஒன்று இருந்தது. அம்மா போன பிறகு மோவாயில் பச்சை குத்திக்கொண்டிருந்தாள். கீழுதட்டிலிருந்து இறங்கும் மூன்று மெல்லிய கோடுகள். பாட்டிமார் காலத்து இந்தக் கோடுகளை ஊரில் இப்போது நிறையப் பெண்கள் மறுபடி குத்திக்கொள்கிறார்கள். ஆனால் மேபல் பள்ளிக்கூடத்தில் சொந்த மொழி பேசியதற்கே அடிவாங்கி வளர்ந்தவள். "அந்தக் கோடெல்லாம் எங்க பாட்டிங்களோடயே போகட்டும். எம்பிள்ள மூஞ்சியில வேணாம்" என்று ஒருமுறை சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாள். அதனால் வீடியோ அழைப்பு வந்தால் டெல்லா நெட்வொர்க்கின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பார்த்தாள். முகமெல்லாம் சிவப்பும் பச்சையுமாக, யாரோ மணலை அள்ளித் தூவியதுபோலப் புள்ளிகள். ஃபிளாஷ் போட்டால் பின்னால் வானம் கருப்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, புள்ளிகளை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். புள்ளிகள் போயின. கண்ணோரச் சுருக்கங்களும் கன்னத்து மச்சமும் கூடவே போயின. மோவாய் வழவழவென்று வெறுமையாக இருந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதையே அனுப்பிவிட்டாள். நெஞ்சில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துக் கொஞ்சம் வெட்கம்.

உடனே பதில் வந்தது. "என்னடி இது, உரிச்ச முட்டை மாதிரி ஒரு மூஞ்சி? யாரு பெத்த பொண்ணு இவ? எம்பொண்ண அனுப்பு."

அடுப்படியில் காரிபூ மான்கறி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த கணவன் லாய்ட் விழுந்து விழுந்து சிரித்தான். டெல்லா சிரிக்கவில்லை. அவன் கரண்டியை வைத்துவிட்டு வந்து கைபேசியை வாங்கிப் பார்த்தான்.

"போன் என்ன பண்ணும், பாவம். இருக்கற துளி வெளிச்சத்தப் போட்டு இழு இழுன்னு இழுக்குது, அதான் புள்ளி. மொதல்ல உன் மூஞ்சிக்கு வெளிச்சம் வேணும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் நண்பகலில் அவன் கட்டில் விரிப்பை வீட்டுச் சுவரில் கட்டி, டிரக்கின் விளக்கை அதன்மேல் அடித்தான். வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் டெல்லாவின் முகத்தில் பால்போல விழுந்தது. பனிவண்டியின் இருக்கையில் கைபேசியைச் சாய்த்து நிறுத்தி, இரவுப் படத்துக்கான வசதியைப் போட்டுக்கொண்டாள்.

"ஆடாத. மூச்சும் விடாத, ஆவி மறைக்குது."

"நீ மொதல்ல வாய மூடு. சிரிப்பு வருது."

அசையாமல் நின்றாள். கேமரா மெல்ல மெல்ல வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டது. இந்தமுறை எல்லாம் இருந்தன. ஊதாப் பட்டை, தொப்பி ரோமத்தில் படிந்த உறைபனி, மச்சம், மூன்று கோடுகள்.

"இதையா அனுப்பப்போற?" லாய்டின் குரல் தணிந்திருந்தது.

"எம்பொண்ண அனுப்புன்னு கேட்டாங்கல்ல."

அனுப்பினாள். அம்மா பார்த்துவிட்டதற்கான குறி வந்தது. பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. மறுநாள் வேலைபார்க்கும் கடையில் கல்லாவில் நின்றபடி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நடுவில் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டியாவது ஒரு வார்த்தை வரக்கூடாதா என்றிருந்தது. அம்மாவின் குரலைக் கேட்காத வீடு, அவள் ஆங்கரேஜ் போன நாளைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது.

அதற்கடுத்த நாள் சாப்பிடும்போது ஒரு படம் வந்தது. மேபல் தன்னைத் தானே எடுத்தது. அவள் அப்படி எடுத்து டெல்லா பார்த்ததே இல்லை. பக்கத்துக் கட்டில்காரி தூங்குகிறாள் போல, திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தது. நெற்றி பாதி வெட்டுப்பட்டு, இருட்டில், முகம் முழுக்கப் புள்ளிகள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படத்தின் ஓரத்தில், விரல்களுக்கிடையே மூடி திறந்த ஒரு பேனா.

"கொடு, அந்தப் பொத்தான அமுக்கினா புள்ளியெல்லாம் போயிடும்" என்று லாய்ட் கையை நீட்டினான்.

"தொடாத!" டெல்லா கைபேசியை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

பிறகு மெல்ல எடுத்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அம்மாவின் உதடு திரையை விட்டு மேலே போனது. மோவாய் மட்டும் நின்றது. சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கொதிக்கும் மணல். அதன் நடுவே, கை நடுங்கிப் போட்டதுபோல, மேலிருந்து கீழாகக் கருப்பாகக் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன.