பிரேம் கடைக்காரரும் அவர் பெண்டாட்டியும் இரண்டாவது கடையும்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டிய கதை. வியாபாரிகள் சங்க மலருக்கு, ‘சிறு தொழில் எதனால் வளர்கிறது?’ என்று எழுதித் தரக் கேட்டார்கள். எனக்கு வாங்கத்தான் தெரியும், விற்கத் தெரியாது. ஆகவே தெருமுனையில் படங்களுக்குப் பிரேம் போடும் கடையில் போய் உட்கார்ந்தேன்.

2

‘உழைப்பே உயர்வுக்கு...’

(அடித்துவிட்டேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

கடை புருஷன் பெண்டாட்டி இருவருடையது. ஒருத்தி தன் குழந்தை வரைந்த படத்தோடு வந்தாள்.

“இதுக்குக் கறுப்பு பிரேம்தான்” என்றார் கடைக்காரர்.

“குழந்தை வரைஞ்ச சூரியனுக்கு யாராவது கறுப்பு போடுவாங்களா? மஞ்சள் எடுங்க” என்றாள் பெண்டாட்டி.

“மஞ்சள்ல மஞ்சள் வச்சா சூரியன் எங்க தெரியும்?”

“உங்களுக்கு எதுதான் தெரிஞ்சுது!”

வந்தவளுக்குக் குஷி வந்துவிட்டது. நீலம் என்று மூன்றாவது கட்சி ஆரம்பித்தாள். போகும்போது, வீட்டில் இன்னும் நாலைந்து படம் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றாள்.

3

காரணம் பிடிபட்டது! ஆட்கள் பிரேமுக்கு மட்டும் வரவில்லை, சண்டைக்கும் வருகிறார்கள். (நடுவில் கொஞ்ச நாள், ‘வாடிக்கையாளர் முன்னால் வாயைத் திறக்காதீர்கள்’ என்று அவர்கள் மகள் கட்டுப்பாடு போட்டிருந்தாளாம். கடை ஈ ஓட்டியதாம்.)

4

வியாபாரம் சூடுபிடித்ததால் அடுத்த தெருவில் இன்னொரு கடை பார்த்திருக்கிறார்கள். அவர் இங்கே, அந்த அம்மா அங்கே. கட்டடச் சொந்தக்காரருக்கு இன்றே பதில் சொல்ல வேண்டும். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பிரிந்தால் சண்டை ஏது, சண்டை இல்லாமல் வியாபாரம் ஏது என்று கேட்டுவிட்டேன்.

“சண்டையா? நாங்க எங்க சண்டை போட்டோம்?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பிறகு அந்த அம்மா சொன்னாள்: “எனக்குன்னு ஒரு கடை. கல்யாணமான நாள்லேர்ந்து ஆசை.”

“நீ அங்க போயிட்டா, நான் சொல்றது தப்புன்னு இங்க யாரு சொல்லுவா?” என்று முனகினார் அவர்.

5

முடிவு ஒன்று: அவள் போகிறாள். இரண்டு கடையிலும் அமைதி. அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அடித்தேன்.

முடிவு இரண்டு: அவள் ஆசையை விட்டுவிட்டு... இதை எழுதக் கை வரவில்லை. அநியாயம்.

அதற்குள் கட்டடக்காரர் வாசலில் வந்து நின்று, “என்ன முடிவு பண்ணீங்க?” என்றார்.

“எடுத்துக்கறோம்” என்றாள் அவள்.

“இன்னும் யோசிக்கணும்” என்றார் அவர், அதே மூச்சில்.

ஆரம்பித்துவிட்டது. தெருவில் போனவர்கள் இரண்டு பேர் நின்றார்கள், அப்புறம் நாலு பேர். அதில் நீங்களும் ஒருவர். வேடிக்கை பார்த்துவிட்டு நழுவாதீர்கள், ஒரு கட்சி சேருங்கள். எனக்கு அந்த அம்மா ஜெயிக்க வேண்டும், அவர் தோற்கவும் கூடாது. உங்களுக்கு வழி தெரிந்தால் சத்தமாகச் சொல்லுங்கள், இங்கே மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது.